நான் திருத்தாமல் விட்ட வாக்கியம்

பெங்களூரு காக்ஸ் டவுனில், வேலைக்குப் போகும் பெண்களுக்குச் சனிக்கிழமைதோறும் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். ஒரு சனிக்கிழமை, கேள்வி கேட்கும் பாடம். இரண்டு வாரமாக வராத ஸ்டெல்லா பாதி வகுப்பில் வந்து நின்றார். பாடத்துக்குத் தோதாகப் போயிற்று என்று, "வொய் டிட் யூ நாட் கம்?" என்று கேட்டேன். வகுப்பில் மாணவிகள் தமிழ் பேசக்கூடாது என்பது என் சட்டம்.

அவர் யோசித்து யோசித்து, "மை ஹஸ்பெண்ட் இஸ் நோ" என்றார்.

இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். "அப்படி வராதும்மா. மை ஹஸ்பெண்ட் இஸ் நாட் அட் ஹோம். திருப்பிச் சொல்லுங்க."

"இல்ல மிஸ். அவரு இறந்துட்டாரு. அதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பின்வரிசையிலிருந்து கமலா எழுந்து வந்தார். தையல் கடையில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசமாட்டார். ஸ்டெல்லாவை உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டார். தமிழில் பேசினால் நான் கோபிப்பேன் என்று பயந்தாரோ என்னவோ, மெதுவாக, "வாட் இஸ் ஹிஸ் நேம், அக்கா?" என்று கேட்டார்.

ஸ்டெல்லாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஹிஸ் நேம் இஸ் அந்தோணி."

'இஸ்' இல்லை, 'வாஸ்' என்று என் நாக்கு நுனிவரை வந்தது. நான் திருத்தவில்லை.

இப்போதெல்லாம் யாராவது தாமதமாக வந்தால் முதலில் உட்காரச் சொல்கிறேன். கேள்வியெல்லாம் அப்புறம்தான். அதையும் தமிழிலேயே கேட்கிறேன்.