மறுசீரமைப்பும் என் தொண்டையும்

போன் போர்டில் உட்காருகிறவளுக்கு ஒரு குரல் போதும். என்னிடம் முப்பது இருந்தது; யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுவேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரேக் பார்ட்ஸ் கம்பெனி, வாசலைப் பார்த்த கண்ணாடிக் கேபின், பத்தொன்பது வயது டிரெய்னி நான். வருஷம் முடிந்தால் பெர்மனெண்ட். இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. கடைசியில்தான் தருவேன். கம்பெனிகளுக்குப் போன் போட்டுக் காத்துக் காய்ந்தவர்களுக்கு ஹோல்டு புதிதா என்ன? லைனிலேயே இருங்கள்.

நோட்டீஸ்

ஒரு திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் ஒரே வரி: "நிறுவனத்தில் மறுசீரமைப்பு நடைபெறுகிறது." யார் செய்கிறார், யாரை, ஒன்றும் இல்லை, மழை பெய்கிறது என்பதுபோல. மதியம் பார்த்தால் பர்ச்சேஸில் இரண்டு நாற்காலி காலி. டிபன் பாக்ஸ் மட்டும் மேசையில் இருந்தது. கேன்டீனில் அந்த இரண்டு பெயரையும் யாரும் எடுக்கவில்லை.

ஸ்டோர்ஸ் செல்வம் அண்ணனிடம் அர்த்தம் கேட்டேன். கள்ளிக்குப்பத்துக்காரர், இது அவருக்கு மூன்றாவது கம்பெனி. நட்டுப் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார்: "பக்கத்து சீட்டுக்காரனுக்கு நடந்தா அது மறுசீரமைப்பு. நமக்கு நடந்தா, அத்த சொல்றதுக்கு நாம இங்க இருக்க மாட்டோம் பாப்பா."

மேசை

இப்படி ஒரு வார்த்தை கையில் கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? மேனேஜர் பேசுமுன் இரண்டு தடவை தொண்டையைச் செருமுவார். ஸ்டோர்ஸுக்கு லைன் போட்டு அதேபோல் செருமினேன். "செல்வம், மறுசீரமைப்புல உங்க மேசை கேட் பக்கம் போகுது."

ஏன், எதற்கு, ஒரு கேள்வி இல்லை. மேசையைத் தானே இழுத்துக்கொண்டு வெயிலில் போனார். வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்றிருந்தேன்; வரவில்லை. ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். கோபப்படாமல் மேசையைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டே சொன்னார்: "குரலு யார்துன்னு நான் பாக்கல பாப்பா. அந்த வார்த்தய கேட்டதும் காலு தானா நடந்துச்சு."

ஜன்னல் இல்லாத அறை

அடுத்த வாரம் மேனேஜர் கூப்பிட்டார். மேசை விஷயம் தெரிந்துவிட்டது, பெர்மனெண்ட் போச்சு என்றுதான் போனேன். திட்டவில்லை. ஜன்னல் இல்லாத ஓர் அறைக்கு அனுப்பினார். உள்ளே ஒரு மைக், ஹெட்போன் போட்ட ஒருவர். "வணக்கம்", "லைனிலேயே இருங்கள்", கம்பெனியில் எல்லாருடைய பெயரும், ஒன்று முதல் நூறு வரை. மூன்று நாள் வாசித்தேன். புதிதாக வருகிறவளுக்குப் பயிற்சி கொடுக்க ரெக்கார்டிங்காம். எனக்கு ஜூனியர் வருகிறாள் என்று வீட்டில் அம்மா கேசரி கிளறினாள்.

ஹெட்போன்காரர் கடைசியாகக் கேட்டதுதான் ஒரு மாதிரி இருந்தது: "போன் எடுத்ததும் லேசா சிரிப்பீங்களே, அத மட்டும் இன்னொரு வாட்டி குடுங்கம்மா."

கேட்

திங்கட்கிழமை காலை கேட் மெஷின் என் கட்டைவிரலை ஏற்கவில்லை. துப்பட்டாவில் துடைத்துத் துடைத்து வைத்தேன். வாட்ச்மேன் என் முகத்தைப் பார்க்காமல், உள்ளே போன் போட்டுக் கேள் என்றார். போட்டேன். மூன்றாவது ரிங்கில் எடுத்தது. நானும் மூன்றாவதில்தான் எடுப்பேன். முதலில் லேசாக ஒரு சிரிப்பு. பிறகு "வணக்கம்." என் குரல். கண்ணாடிக் கேபின் கேட்டிலிருந்தே தெரிந்தது. என் நாற்காலியில் யாரும் இல்லை.

"ஸ்டோர்ஸ்" என்றேன். "லைனிலேயே இருங்கள்" என்றும் நானே சொன்னேன்.

செல்வம் அண்ணன் எடுத்தார். "அண்ணே, நான் கேட்ல நிக்கிறேன். உள்ள விட மாட்டேங்கிறாங்க."

"யார்கிட்ட வெளையாட்ற? இப்பதானே உள்ளேர்ந்து நீ லைன் குடுத்த!"

அண்ணன் சொன்ன அர்த்தத்தில் ஒரே ஒரு திருத்தம்: நமக்கு நடந்தாலும் நாம் அங்கேயே இருப்போம், மூன்றாவது ரிங்கில், சிரித்துக்கொண்டே.