நீல விளக்கு மின்னிய மெஷின்

எர்ணாவூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் சர்வர்களைத் தயார் செய்வது என் வேலை. எங்கள் மென்பொருளும் கன்டெய்னர் எனும் பொட்டலங்களாகத்தான் வரும். லேப்டாப்பில் கட்டளை கொடுத்தால், அந்த மெஷினில் இருப்பதைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றிவிடும். அதற்குமுன், சரியான மெஷின்தானா என்று பார்க்க அதன் நீல விளக்கை மின்னவைப்பேன். "இத்தான் சார் மின்னுது, ஏழாம் நம்பரு" என்று சர்வர் அறையிலிருந்து வாட்ச்மேன் கத்துவார். நாள் முழுக்க நான் கேட்கும் ஒரே மனிதக் குரல் அது.

அன்று அவர் சாப்பிடப் போயிருந்தார். நான் காத்திருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த, வாசல் கேட்டை இயக்கும் சர்வரையே துடைத்துவிட்டேன். வாசலில் லாரிகள் நின்றுவிட்டன.

மேனேஜர் வந்து கத்தினார். நான் வாய் திறப்பதற்குள், சாப்பிட்டுத் திரும்பியிருந்த வாட்ச்மேன் சொன்னார்: "நாந்தான் சார் நம்பர மாத்தி சொல்லிட்டேன். அவரு இன்னா பண்ணுவாரு?"

நான் லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். "உன் கை நடுங்கிகினு இருந்துச்சி நைனா" என்றவர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அப்போதும் நான் மேனேஜரிடம் போகவில்லை.

இப்போது விளக்கை மின்னவைத்துவிட்டு நானே எழுந்து போய்ப் பார்க்கிறேன். ஆளில்லாத அறையில் எண்ணைச் சத்தமாகச் சொல்கிறேன்.