செல்லசாமி திருப்பிய விமானம்

மீனம்மாவின் வீட்டில் எட்டு வருசமாக ஒரு விமானம் இருந்தது. திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயத்தின் கடைசி அறையான காம்பிராவில், அரிசிப் பெட்டிக்கும் சாமிப் படத்துக்கும் நடுவில் அது நின்றது. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருசம் இயந்திரங்களைப் பழுது பார்த்ததால் எல்லோரும் ‘பாஸ்’ என்று கூப்பிடும் அவள் புருசன் செல்லசாமி, ஒரு பழைய கொம்பியூட்டரைச் சுற்றித் தன் கையாலேயே அதைக் கட்டியிருந்தார். காலால் அழுத்தித் திருப்பும் மிதிகள் மீனம்மாவின் பழுதாய்ப்போன தையல் மெசினில் இருந்து வந்தவை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி தொழிற்சாலையில் கழித்துப்போட்ட ஏதோ ஒரு மெசினின் மிச்சம். ஆசனம் ஒரு வான் வண்டியின் முன் சீட்டு. வேலை விட்டு வந்து, குளித்து, தேத்தண்ணி குடித்துவிட்டு அந்தச் சீட்டில் உட்கார்ந்தாரானால், திரையில் கொழும்புப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்தில் கிளம்பி அரை மணி நேரத்தில் தோட்டத்துக்கு மேலே வந்து ஒரு வட்டம் அடித்துத் திரும்புவார். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் ஒரு மனிதர் இவ்வளவு சந்தோசமாகக் களைத்துப்போவதை மீனம்மா வேறெங்கும் கண்டதில்லை.

கொம்பியூட்டரோடு வந்த மலைகளில் முதலில் தோட்டமே இருக்கவில்லை. பச்சைத் துணியைக் கசக்கிப் போட்டதுபோல வெறும் மேடும் பள்ளமும்தான். அது செல்லசாமிக்குப் பெரிய மனக்குறை. இரண்டு வருசம் உட்கார்ந்து, எப்படியென்று தேடிப் படித்து, தொழிற்சாலையையும் கோயிலையும் ஆறு லயங்களையும் தானே வரைந்து உள்ளே வைத்தார். விசயம் வெளியே தெரிந்ததும் லயத்துச் சனமே வந்து எட்டிப் பார்த்தது. அவரோடு நான்கு வருசமாகப் பேசாமலிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கூட வந்து, தன் கூரைக்கு நீலம்தான், துருப்பிடித்த நிறம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்துச் சங்கத் தலைவர் மாயாண்டி கடைசியாக வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“எல்லாம் சரிதான் பாஸே. அப்படியே கட்டித் தர்றேன்னு சொல்லிக் கட்டாம விட்ட அந்தக் கக்கூஸ் பன்னெண்டையும் போட்டு விடுங்க. அதுலயாவது இருக்கட்டும்.”

செல்லசாமி அதையும் போட்டார்.

அந்தக் கொம்பியூட்டரில் வானத்தையும் நாமே தெரிவு செய்யலாம். மழை, மேகம், மூடுபனி, எது வேண்டுமென்றாலும் கிடைக்கும். அவர் எப்போதும் தெளிந்த வானத்தைத்தான் எடுப்பார். பாடுபட்டு வரைந்த வீடுகளைப் பனியில் மறைத்துவிட்டு யார் பார்ப்பது?

பெருமைப்பட்ட அதே வாயால் சனம் கேலியும் செய்தது. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் மாயாண்டி அவரைக் கண்டால், நேற்று எந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள் என்று விசாரிப்பார். பிள்ளைகள் ‘பொம்மைப் பிளேன் தாத்தா’ என்றார்கள். செல்லசாமியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் ஒருநாள், மீனம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, அவர் சீட்டில் இருந்து திரும்பாமலே கேட்டார்.

“புள்ள, எனக்கு நெசமாவே ஓட்டத் தெரியுமா, இல்ல எட்டு வருசமா வெளையாடிக்கிட்டு இருக்கேனா?”

அவள் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். அவருக்கே அது தெரியவில்லை என்பது அன்றுதான் அவளுக்குப் புரிந்தது.

கொழும்பில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்யும் மகள் சர்மிளா, அப்பா ஓய்வு பெற்றதற்குப் பரிசாக ஒரு ஏற்பாடு செய்தாள். இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழக்கும் இடத்தில் நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குக் கிடைக்கும். பயிற்சி கொடுக்கும் கப்டன் பக்கத்தில் இருப்பார். மேலே போனதும் அப்பா பிடித்து ஓட்டலாம், அம்மா பின்னால் உட்காரலாம். பங்குனி மாதம் ஒரு வியாழக்கிழமை. செல்லசாமி செய்தியைக் கேட்ட அன்று சோற்றைத் தொடவில்லை. மறுநாள் காலையில் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தார். பெரட்டுக் களத்துக்கே போய், வியாழக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு ஐந்தாம் நம்பர் மலைக்கு மேலே வருவேன் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார். கொம்பியூட்டரில் நினைத்த நேரத்தில் கிளம்பிப் பழகிய மனிதர். அங்கே அவரை யாரும் காக்க வைத்ததும் இல்லை, வானம் அவரிடம் கேட்காமல் மாறியதும் இல்லை.

அந்த வாரம் ஐந்தாம் நம்பரில்தான் கொழுந்து. மீனம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுக்கும் ராக்காயி, எல்லோரும் இடுப்பில் கட்டும் செம்பழுப்புப் படங்குத் துணியை அவிழ்த்துத் தேயிலைச் செடிகளுக்கு மேலே விரித்துக் காட்டுவதென்று முடிவு செய்தாள். மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவும் பிளேன் வந்ததும் பத்து நிமிசம் தருவதாக ஒத்துக்கொண்டார். மாயாண்டி மட்டும், பிளேன் வராவிட்டால் பாஸ் தன் காம்பிராவுக்குள்ளேயே ஒரு வட்டம் அடித்துக் காட்ட வேண்டும் என்று பந்தயம் பேசினார். மீனம்மாவுக்கு அந்தப் பந்தயம் பிடிக்கவில்லை. மனுசன் அன்றைக்கு வராமல் போனால், இந்த எட்டு வருசமும் பொம்மை விளையாட்டு என்று ஊரே கூடித் தீர்ப்புச் சொன்னதாகிவிடும்.

வியாழக்கிழமை காலையில் இரத்மலானைக்குப் போனபோது அவள் கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. தொழிற்சாலை மெசின்களைக் காக்கிற ரோதைமுனியின் காலடியில் வைத்து எடுத்தது. ரோதை என்றால் சக்கரம். விமானத்துக்கும் சக்கரம் இருக்கிறது, முன்னால் சுற்றுவதும் ஒரு ரோதைதானே என்பது அவள் கணக்கு. புது லொறிக்கு வைப்பதுபோல டயருக்கு அடியில் வைக்கப் போனவளை அங்கிருந்த பையன் ஓடிவந்து தடுத்தான். ஓடுபாதைப் பக்கம் ஒரு கல்கூடக் கிடக்கக் கூடாதாம். பழத்தை மடியில் கட்டிக்கொண்டு பின் சீட்டில் ஏறினாள்.

முன்னால் நின்ற விமானங்கள் ஒவ்வொன்றாகப் போய் முடிய ஒரு மணி நேரம் ஆனது. அவர்கள் மேலே எழும்பும்போதே பத்து தாண்டிவிட்டது. செல்லசாமியின் பிடரியில் வியர்வை இறங்குவதை மீனம்மா பார்த்தாள். வீட்டில் சிலை மாதிரி இருக்கிற மனிதர். அவிசாவளைக்கு மேலே கப்டன் கையை எடுத்துவிட்டு, இனி உங்களுடையது என்று சிங்களத்தில் சொன்னார். விமானம் உடனே தலையை ஆட்டத் தொடங்கியது. செல்லசாமியின் கண் வேகமும் உயரமும் காட்டும், முள்ளும் இலக்கமுமாக இருந்த கடிகாரங்களை விட்டு நகரவேயில்லை. சின்னத் திரைக்கு முன்னால் இருந்து பழகியவர்கள் எல்லோருக்கும் இது வரும் என்று சொல்லிச் சிரித்த கப்டன், ஒரு வரைபடத்தை விரித்துக் கடிகாரங்களை மூடி, வெளியே பாருங்கள் என்றார்.

வெளியே பார்த்தார். கீழே களனி கங்கை. தூரத்தில் சிவனொளிபாதமலையின் கூர். எங்கிருந்தோ வந்த ஒரு காற்று அவர்களைத் தூக்கி, சட்டென்று கீழே விட்டது. மீனம்மாவின் குடல் தொண்டைக்கு வந்து போனது. செல்லசாமியின் தோள் ஒரு தரம் இறுகிப் பிறகு தளர்ந்தது. மெசினில் வேலை செய்கிறபோது அவர் தோள் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பெல்ட் கழன்று ஓடுகிற மெசினையும் விரல் நுனியால் தொட்டுப் பார்த்துத்தான் பேசுவார். இப்போது அவர் கை அப்படித்தான் இருந்தது. விமானம் ஆடுவதை நிறுத்திவிட்டு நேராகப் போனது.

அட்டன் வந்தது. ரயில் பாதை சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வருவது தெரிந்தது. தலவாக்கலை நீர்த்தேக்கம் ஒரு தட்டில் ஊற்றிய தண்ணீர்போலப் பளபளத்தது. அதற்கு அப்பால், இரண்டு மலைகளுக்கு நடுவில் உள்ள இடுக்கைத் தாண்டினால் தோட்டம். அந்த இடுக்கில் அவர் நூறு தரமாவது போய் வந்திருப்பார், வீட்டுச் சீட்டில் இருந்துகொண்டு.

தொழிற்சாலையின் தகரக் கூரை ஒரு கணம் மின்னியது. மீனம்மா கண்ணாடியில் நெற்றியை அழுத்திப் பார்த்தாள். கூரைக்கு மேலே, சரிவின் நடுவில், செம்பழுப்பாக ஏதோ விரிந்திருந்தது போலவும் இருந்தது. பிறகு பள்ளத்தாக்கின் அடியில் இருந்து வெள்ளை மூடுபனி மேலே ஏறியது. இருபத்தெட்டு வருசம் கொழுந்து எடுத்தவளுக்கு அந்த வெள்ளையைத் தெரியும். அது மேலே இருந்து இறங்காது. அடியில் இருந்து நிரை நிரையாக ஏறும். பக்கத்தில் நிற்பவளோடு ஒரு பேச்சுப் பேசி முடிக்கும் முன் அவள் முகம் மறைந்துபோகும். இடுக்கு இன்னும் திறந்துதான் கிடந்தது. ஒரு விமானம் தாராளமாகப் போகலாம். திரும்பி வர இடம் இருக்குமா என்பதுதான் கேள்வி.

கப்டன் பேசவில்லை. அவர் கை முழங்காலில் இருந்தது. மீனம்மாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஏங்க, வேணாங்க. ஆனால் தான் சொல்லி அவர் திரும்பினால், அவர் கேட்ட கேள்விக்கு இந்தப் பிறவியில் பதில் கிடைக்காது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

செல்லசாமி எட்டிக் கீழே பார்த்தார். அந்தச் சரிவில் முப்பது பேர் அண்ணாந்து நிற்பது அவருக்குத் தெரியும்.

“ஆபஹு யமு, சேர்” என்று சிங்களத்தில் சொன்னார். திரும்பிப் போவோம்.

சொல்லும்போதே அவர் கையும் காலும் வேலையைத் தொடங்கிவிட்டன. விமானம் ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்து, அகலமாக வளைந்து, நீர்த்தேக்கத்துக்கு மேலே வந்து மேற்கே பார்த்தது. ஜன்னல் வழியே மீனம்மா பார்த்தபோது இடுக்கு இருந்த இடத்தில் இடுக்கு இல்லை.

இறங்கிய பிறகு கப்டன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். தான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்ததாகவும், இன்னும் பத்து எண்ணியிருந்தால் தானே பிடுங்கித் திருப்பியிருப்பேன் என்றும் சொன்னார். வீட்டில் ஓட்டிப் பழகி வருகிறவர்கள் நேராகப் பிடிப்பார்கள், அழகாக வளைப்பார்கள், ஆனால் தாமாகத் திரும்புகிறவரைத் தான் பார்த்ததில்லை என்றார். செல்லசாமி தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் மாலை தோட்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது லயத்து வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். மாயாண்டி முன்னால் நின்றார்.

“சத்தம் வந்துச்சு பாஸே. அப்புறம் சின்னதாகிப் போயிருச்சு. எங்க மூஞ்சியப் பாத்துப் பயந்துட்டீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ இரக்கப்பட்டு, அந்தக் கப்டன் விட்டிருக்க மாட்டார் என்றார்கள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கதை அதோடு முடிந்திருக்கும். மீனம்மா புருசனின் முகத்தைப் பார்த்தாள்.

“அவரு ஒண்ணும் சொல்லல. நாந்தான் திருப்புனேன். உள்ள வந்திருந்தா வெளிய போக வழி தெரிஞ்சிருக்காது.”

யாரோ ஒருத்தி மறுபடியும் சிரித்தாள். பிறகு ராக்காயி முன்னால் வந்தாள்.

“எவ சிரிச்சா இப்ப? பக்கத்துல நின்ன என் கொழுந்தியாளையே நேத்துக் காணல. படங்க எங்க விரிச்சோம்னு தடவித் தடவிக் கண்டுபிடிச்சோம். அதுக்குள்ள வந்து முட்டிக்கச் சொல்றியா?” மாயாண்டியின் பக்கம் திரும்பினாள். “தலைவரே, நீங்களா இருந்தா வந்திருப்பீங்க. இந்நேரம் எல்லாரும் ஒங்களுக்குக் குழி வெட்டிக்கிட்டு இருப்போம்.”

இந்தத் தடவை சிரித்தவர்களில் மாயாண்டியும் இருந்தார். செல்லசாமியின் தோளில் கையைப் போட்டு உள்ளே அழைத்துப்போனவரும் அவர்தான்.

கப்டன் சொன்னதை மீனம்மா அந்த வாரம் முழுக்கச் சொன்னாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில், தண்ணீர்க் குழாயடியில், கோயிலில். பத்து எண்ணுவதற்கு முன் என்பது கொஞ்சம் கொஞ்சமாக இருபது ஆனது. செல்லசாமி திருத்தவில்லை.

ஒருநாள் அவரே சொன்னார், “கொம்பியூட்டருக்குக் கலங்குற வயிறு இல்ல புள்ள. அதான் வித்தியாசம்.” ஆனாலும் அவர் வீட்டு விமானத்தை விடவில்லை, முன்னைவிட அதிகமாகவே ஓட்டினார். தெளிந்த வானத்தை மட்டும் எடுப்பதை நிறுத்திவிட்டார். கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்ப்பார், அங்கே என்ன வானமோ அதையே உள்ளேயும் வைப்பார். சில மாலைகளில் அட்டன்வரை வந்து, திருப்பிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, திருப்தியோடு எழுந்து வருவார்.

இரண்டு வருசம் கழித்து, ஐப்பசியில், நெஞ்சு வலி வந்து மூன்றே நாளில் போய்ச் சேர்ந்தார். குழிக்கரையில் நாலு வார்த்தை பேசுவது தலைவரின் வேலை. தூக்குவதற்கு முன் மாயாண்டி மீனம்மாவிடம் வந்து, குனிந்து, என்ன சொல்லட்டும் என்று கேட்டார். முப்பத்தாறு வருசச் சேவையைச் சொல்லவா, பெக்டரியில் வாங்கிய மெடலைச் சொல்லவா என்று கேட்டார்.

மீனம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அவரு பிளேன் ஓட்டுனாருன்னு சொல்லுங்க. திருப்ப வேண்டிய எடத்துல திருப்புனாருன்னு சொல்லுங்க. போதும்.”

மாயாண்டி அதைத்தான் சொன்னார்.