ஹுமைதின் கையில் ஓடிய அரசர் கடிகாரம்

ஹுமைத் பின் ஹமூத் எங்கள் ஊர் ஃபலஜ் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை வைப்பவர். மலையடியிலிருந்து வரும் தண்ணீர் யார் தோட்டத்துக்கு எப்போது திரும்பும், எப்போது நிற்கும் என்பதில் அவர் சொன்னதுதான் சொல். நான் வாய்க்கால் ஓரத்தில் தையற்கடை வைத்து, இந்த ஊர் ஆண்களுக்கு வெள்ளை அங்கி தைத்தே தலை நரைத்தவன். பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். தண்ணீர்ச் சண்டை பார்க்க நான் கடல் தாண்டி வந்திருக்கவே வேண்டாம்.

முன்பெல்லாம் ஹுமைத் தரையில் ஒரு கம்பு நட்டு, அதன் நிழலைப் பார்த்துத்தான் முறை மாற்றினார். ஒரு வருஷம் மன்னர் குடிமக்களைப் பார்க்க மஸ்கட்டிலிருந்து புறப்பட்டு வந்து, எங்கள் ஊர் வெளியில் கூடாரம் போட்டார். அரண்மனை ஆட்கள் சமையல் கூடாரத்தைச் சரியாக அந்தக் கம்பின் மேல் போட்டுவிட்டார்கள். ஊரே வரிசையில் நின்று ரோடு கேட்டது, பள்ளிக்கூடம் கேட்டது. ஹுமைத் மட்டும் அதிகாரியிடம் போய், "எங்க நேரத்து மேல அடுப்பு வச்சிருக்கீங்க, கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்றார்.

அரசாங்கத்தில் கூடாரத்தைத் தள்ளிப் போடுவது அவ்வளவு லேசா? யார் யாரையோ கேட்டார்கள். சாயங்காலம் ஒரு அதிகாரி பச்சை வெல்வெட் பெட்டியோடு வந்தார். உள்ளே சுவிஸ் நாட்டுத் தங்கக் கைக்கடிகாரம். பன்னிரண்டுக்குக் கீழே வளைந்த கத்தியும் இரண்டு வாளுமாக அரச முத்திரை. மன்னர் கொடுக்கச் சொன்னாராம்.

கூடாரம் போனது, கடிகாரம் நின்றுவிட்டது. நின்றது என்றால் ஊரில் தங்கிவிட்டது என்று அர்த்தம், ஓட்டம் நின்ற கதை பின்னால் வருகிறது. கம்பை யாரோ பிடுங்கி ஆடு கட்ட எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஹுமைதின் இடது கைதான் எங்களுக்கு நேரம். ரேடியோவில் வேறு நேரம் சொன்னால், "ரேடியோக்காரன் தூங்கி வழியறான்" என்றார்கள்.

நடுவில் துபாயிலிருந்து பழைய கடிகாரம் வாங்குகிற ஒருவர் வந்தார். பூதக்கண்ணாடி வைத்துக் குனிந்து குனிந்து பார்த்தார். இந்த முத்திரையோடு இன்னும் இருப்பதே சில கடிகாரங்கள்தான், அதிலும் திறக்காத, மெருகு போடாத ஒன்றைத் தான் பார்த்ததே இல்லை என்றார். ஹுமைத் விற்கவில்லை. ஆனால் 'திறக்காத' என்ற சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எண்ணெய் போடக்கூட அதைத் திறக்க விடவில்லை.

அது கையசைவில் தானாகச் சாவி ஏறுகிற ரகம். ஹுமைத் வாய்க்கால் நெடுக ஓடி ஓடி மடை திறந்த காலத்தில் அதற்கு ஒரு குறையும் இல்லை. வயதான பிறகு அவர் என் கடைக்கு எதிரே மரத்தடியில் சாய்ந்தபடி விரலை மட்டும் நீட்டி வேலை வாங்கினார். எண்ணெய் வற்றிப்போன கடிகாரம், அவர் கண்ணயர்ந்தால் கூடவே நின்றுவிடும். எழுந்து கையை உதறினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். அவர் தூங்கிய நேரம் ஊர்க் கணக்கில் நடக்கவே இல்லை.

இதை முதலில் கண்டுபிடித்தவன் முஹன்னா. பெரிய பேரீச்சந்தோப்புக்காரன், வாய் நிறையச் சிரிப்பு. அவன் முறை ஆரம்பித்ததும் பெரிய தாம்பாளத்தில் ஆட்டுக்கறிச் சோறு வரும். பின்னாலேயே நெய் மினுங்கும் அல்வா, அதன் பின்னால் தலையணை.

"சாப்டுட்டுக் கொஞ்சம் சாயுங்கண்ணே. ஊருக்கு உழைச்ச உடம்பு."

ஹுமைத் சாய்வார். கடிகாரம் நிற்கும். முஹன்னாவின் முறை முடியவே முடியாது.

அவனுக்கு அடுத்த முறை ராயா அக்காவுடையது. புருஷன் போன பிறகு எலுமிச்சைத் தோட்டம் ஒன்றுதான் அவளுக்குச் சோறு. காயைப் பறித்து, வேகவைத்து, கறுக்கும்வரை வெயிலில் காயவைத்து நிஸ்வா சந்தையில் விற்பாள். மத்தியானம் வரவேண்டிய அவள் தண்ணீர் சாயங்காலம் வந்தது, பிறகு மறுநாள் வந்தது. அந்தக் கோடையில் பிஞ்சுகள் கொட்டின. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் மரமே பட்டுவிடும் என்று எனக்கே தெரிந்தது.

ராயா கடைக்கு வந்தாள். "தையக்காரரே, நீங்க போய் அவரு கையப் பிடிச்சு நல்லாக் குலுக்குங்க. நான் குலுக்கினா ஊரு சும்மா இருக்காது."

போய் இடது கையைப் பிடித்தேன். ஹுமைத் கண் திறந்தார். இங்கே கை கொடுத்தால் சேதி விசாரிக்காமல் விடக்கூடாது.

"என்ன சேதி?"

"எல்லாம் நல்ல சேதி. உங்க சேதி?"

"நல்ல சேதிதான். வேற சேதி?"

"வேற ஒரு சேதியும் இல்ல. அந்தப் பக்கம் சேதி?"

நானும் விடாமல் ஆட்டினேன். முள் நகர்ந்தது. முஹன்னா வந்து எங்கள் கைகளுக்கடியில் ஒரு தலையணையைச் சொருகி, "பெரியவரை இப்படிப் போட்டு உலுக்குறியே, மனுஷனா நீ?" என்றான். பார்த்தவர்களெல்லாம் என்னைத்தான் திட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று வெட்டிய இரண்டு அங்கிக்கும் கழுத்து கோணிவிட்டது.

கடைசியில் விவகாரம் ஊர் ஷேக்கின் கூடத்துக்குப் போனது. காப்பி வந்தது, பேரீச்சம்பழம் வந்தது. ஷேக் கேட்டார், "மன்னர் கொடுத்த கடிகாரம் நிக்குதுன்னு யாராவது சொல்றீங்களா?"

யார் சொல்வார்கள்? எல்லோரும் பேரீச்சங்கொட்டையை ஆராய்ந்தார்கள்.

"கடிகாரம் நிக்காதுங்க. நான்தான் தூங்கிடறேன்" என்றார் ஹுமைத். முறைக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் யாருக்கும் அதிகமாகக் கொடுத்தறியாத மனிதர்.

"நீ தூங்கினா நேரம் ஏன் நிக்குது?"

முஹன்னா முந்திக்கொண்டான். "அவரு எழுந்திரிக்கட்டும்னு காத்திருக்குங்க. அரண்மனைப் பொருள், மரியாதை தெரிஞ்சது."

ஷேக் தாடியைத் தடவித் தீர்ப்புச் சொன்னார். "ஹுமைத், இனிமே தூங்கினா கையை ஆட்டிக்கிட்டே தூங்கு."

நியாயம் கிடைத்துவிட்ட திருப்தியோடு ஆட்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். ராயா மட்டும் நகரவில்லை.

"ஹுமைத் அண்ணே, உங்க கடிகாரம் ரொம்ப அழகா இருக்கு."

செருப்புத் தேடியவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். இங்கே ஒருவருடைய பொருளை அவர் முகத்துக்கு நேரே புகழ்ந்தால், அவர் "எடுத்துக்கோங்க" என்று சொல்லியாக வேண்டும். புகழ்ந்தவர் "ஐயோ வேண்டாம், உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லியாக வேண்டும். அத்தோடு முடிந்தது. அப்படியும் அந்தக் கடிகாரத்தை இத்தனை வருஷம் ஊரில் ஒருவரும் வாய்விட்டுப் புகழ்ந்ததில்லை.

ஹுமைத் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எடுத்துக்கோம்மா."

"சரி" என்று கையை நீட்டினாள் ராயா.

ஷேக்குக்குக் காப்பி புரையேறியது. முஹன்னா பதறினான். "வேணாம்னு சொல்லணும்க்கா."

"எதுக்கு? எனக்கு வேணுமே."

ஹுமைத் கழற்றினார். கொக்கி வெகுகாலம் திறக்காதது, நகம் பெயர்ந்தது. மணிக்கட்டில் வெயில் படாத தோல் வெளுத்துக் கிடந்தது. நியாயம் ராயா பக்கம்தான், இருந்தாலும் அந்த வெறுங்கையை என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து ராயாவின் கைதான் ஊருக்கு நேரம். விடிந்ததும் பால் கறக்கிற கை அது. புல் அறுக்கும், காப்பிக்கொட்டை இடிக்கும், வெயிலில் கிடக்கும் எலுமிச்சையைப் புரட்டிப் புரட்டிப் போடும். அந்தக் கையில் கடிகாரம் நிற்க வழியே இல்லை. முஹன்னா அவளுக்கும் தாம்பாளம் கொண்டுவந்தான்.

"வச்சிட்டுப் போங்க தம்பி. உங்க முறை முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிக்கொண்டே அவன் மடையை அடைத்தாள்.

தண்ணீர் அவள் தோட்டத்துக்கு நேரத்தோடு வந்தது, அதற்கடுத்த தோட்டங்களுக்கும் வந்தது. முறை வரிசையில் கடைசித் தோட்டம் ஹுமைதுடையது. எல்லோருக்கும் தள்ளிப்போனதில் அவருக்குத்தான் அதிகம் தள்ளிப்போயிருந்தது. அவருடைய பேரீச்சைகள் பாதி காய்ந்து நின்றன. அதைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

ராயா அவர் மடையைத் திறக்கப் போனபோது நானும் மனசு கேட்காமல் பின்னாலேயே போனேன். ஹுமைத் வேலியோரம் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் வந்து காலில் பட்டதும் திடுக்கிட்டு எழுந்து இடது கையை உதறினார். வெறும் மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"யார் முறை இது?"

"உங்க முறைதாண்ணே" என்றாள் ராயா. "நீங்க தூங்குங்க."