சந்தனம் வைத்த பிஸ்டல்

அமெரிக்காவில், பிளானோ நகரில், எங்கள் ஆபீசில் ஒரு சார் இருக்கிறார். கசங்காத சட்டை, நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று. குக்கரோ காரோ, எதை வாங்கினாலும் இரண்டு மாடல்களை எக்செல்லில் மோதவிட்டுத்தான் வாங்குவார். போன வருடம் அந்த எக்செல்லில் இரண்டு கைத்துப்பாக்கிகள் ஏறின. ரேஞ்சில் சுட்டுப் பழகவும், வீட்டுக்குத் திருடன் வந்தால் தற்காத்துக்கொள்ளவும் ஒன்றே போதும் என்பது திட்டம்.

"எமர்ஜென்சில ஜாம் ஆகிடக் கூடாது பாருங்க. அதான் மெயின்."

மாதக்கணக்கில் லஞ்ச் நேரத்தில் எங்களுக்கு இதே பேச்சுதான். கடைசியில், சிக்கவே சிக்காது என்று பெயரெடுத்த கனமான மாடலை வாங்கினார்.

ஆயுத பூஜை வந்தது. லேப்டாப்புக்கு வைப்பதைப் போலவே அதற்கும் தாராளமாகச் சந்தனம், குங்குமம் வைத்தார். அந்தச் சனிக்கிழமை என்னையும் ரேஞ்சுக்கு அழைத்துப் போனார். இரண்டாவது குண்டிலேயே துப்பாக்கி சிக்கிக்கொண்டது. ரேஞ்சில் இருந்த வெள்ளைக்காரர் அதைப் பிரித்து, உள்ளே காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டி மோந்து பார்த்துவிட்டு, எங்களையும் ஒரு பார்வை பார்த்தார்.

"சார், திருடன் வந்தப்போ இப்படி ஜாம் ஆகியிருந்தா?" என்றேன்.

"பூஜை போட்டதுங்க. அவன் எப்படி வருவான்?"

மறுவாரமே இன்னொரு மாடலையும் வாங்கிவிட்டார். அது ரேஞ்சில் சுடுவதற்கு மட்டும், பொட்டு கிடையாது. பழையது மறுபடி சந்தனத்தோடு சாமி அலமாரியில் இருந்து வீட்டைக் காக்கிறது.

இதுவரை ஒரு திருடனும் வரவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.