பூட்டி வைத்த போனிலிருந்து வந்த குரல்

யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் பாத்திரம் கழுவ எழுந்து போய்விடுகிற ஆள் நான். என் வாயிலிருந்தே இப்படி ஒன்று வருகிறதே என்று சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

யாங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் ரயில் பாதைப் பக்கம் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் சேகருக்கு வெளியே கோ வின் என்று பர்மியப் பெயர், எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார், கண் போனிலேயே இருக்கும். கரண்ட் வந்தவுடன் ஊரே தண்ணீர் ஏற்ற மோட்டார் போட ஓடும், இவர் போனைச் சார்ஜில் போட ஓடுவார். நான் காய்ச்சலில் படுத்துக்கொண்டு தண்ணீர் கேட்டபோதும் "ம்" என்றார், அவ்வளவுதான், தண்ணீர் வரவில்லை. வெறுத்துப்போய், தாகேதா பேட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்கே போய்விடலாம் என்று பையில் துணி எடுத்து வைத்துவிட்டேன்.

அப்போதுதான் எங்கள் அம்மன் கோயிலில் தீமிதி வந்தது. அவர் வருஷா வருஷம் இறங்குகிறவர். காப்புக் கட்டினால் கறி மீன் கிடையாது, செருப்பு கிடையாது, பாயில்தான் படுக்கை. இந்த வருஷம் போனும் கிடையாது என்று சொல்லி, காப்புக் கட்டிய எல்லோருடைய போனையும் அணைத்து வாங்கிக் கோயில் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். நம்ப மாட்டீர்கள், அம்மனைக் கும்பிட்டு அழுதேன். இனி கொஞ்ச நாளாவது என் முகத்தைப் பார்ப்பார் என்று பையைப் பிரித்துவிட்டேன்.

எங்கே பார்த்தார்! வெறுங்கையை மடியில் வைத்துக் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

ஒரு சாயங்காலம் அவருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன். என் போன் அடித்தது. அவர் நம்பர். யாரோ அலமாரியைத் திறந்துவிட்டார்கள் போல என்று எடுத்தேன்.

"மல்லி, சாப்டியா?"

சேகர் குரல். எதிரே சேகர், வாய் நிறையச் சோறு.

"காய்ச்சல் விட்டுச்சா? அன்னிக்கு நீ தண்ணி கேட்டது எனக்குக் கேட்டுச்சு மல்லி."

கல்யாணமான புதிதில் பேசுவாரே, அதே குரல். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"யாருங்க பேசுறது?"

குரல் தணிந்தது. "அவன் பக்கத்துல இருக்கானா?" என்றது.

"ஏங்க, உங்க நம்பர்லேருந்து யாரோ பேசுறாங்க" என்று இவரிடம் சொன்னேன். நிமிராமல் "ம்" என்றார். அதற்குள் லைன் போய்விட்டது.

கோயிலுக்கு ஓடினேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது. நிர்வாகி திறந்து காட்டினார், சேகர் போனில் சார்ஜே இல்லை, எவ்வளவு அழுத்தினாலும் உயிர் வரவில்லை.

"நீயும் விரதமா தங்கச்சி? பசி மயக்கமா இருக்கும்" என்றார் நிர்வாகி. கோபமாக வந்தது. என் போனில் வந்திருந்த அழைப்பை நீட்டினேன். பார்த்துவிட்டு அவசரமாக அலமாரியைப் பூட்டினார்.

தீமிதி முடிந்தது, சேகர் காப்பை அவிழ்த்தார், போனை வாங்கினார், பழையபடி குனிந்துவிட்டார். நான் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. இப்போது குளிக்கப் போனாலும் என் போன் கூடவே வருகிறது. அவர் நம்பர் வந்தால் பதறி எடுக்கிறேன். "வர லேட்டாகும்" என்கிறார், என் சொந்த வீட்டுக்காரர். சே, இவர்தானா என்று மனசு விழுந்துவிடுகிறது பாருங்கள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.