மடுவில் கொட்டிய பிளீச்சிங் பவுடர்

எங்கள் ஊர் கொட்டச்சேட்டுக்கு மேலே ஓடையில் ஒரு மடு இருக்கிறது. வன உரிமைச் சட்டப்படி காட்டு உரிமை ஊருக்கு வந்த பிறகு, அந்த மடுவையும் சுற்றியுள்ள காட்டையும் பார்த்துக்கொள்ளும் வேலையை ஊர்க்கூட்டத்தில் பெண்கள் எங்களிடம் விட்டார்கள். நாங்கள் செய்ய மாட்டோம் என்று நினைத்துத்தான் விட்டார்கள். மூன்று வருஷம், காட்டை மூடிக்கிடந்த உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கினோம். முள் கிழித்த தழும்புகள் என் கையில் இன்னும் இருக்கின்றன. செடி போன இடத்தில் புல் வந்தது. புல்லுக்குக் காட்டெருமை வந்தது. மடுவில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு வைத்தோம்.

ஒரு சித்திரை மாதக் காலையில் போனபோது கெண்டையும் அயிரையும் வயிறு வெளுத்து மிதந்தன. நண்டுகள் கல்மேல் ஏறிச் செத்திருந்தன. காற்றில் ஆஸ்பத்திரிக் கழிப்பறை வாடை. கூட வந்த பெண்கள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. யார் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ரொம்பத் தேட வேண்டியிருக்கவில்லை. என் வீட்டுக்காரரின் தம்பி ஏற்காட்டில் ஒரு காட்டேஜில் வாட்ச்மேன். தங்க வந்தவர்கள் ஓடை மீன் கேட்டிருக்கிறார்கள். அன்று அவன் கட்டியிருந்த நீலக் கைலியில் முட்டிக்குக் கீழே பிளீச்சிங் பவுடர் பட்டுப் புதிதாக வெளுத்த திட்டுகள். அந்தக் கைலியோடேயே அவனை ஊர்க்கூட்டத்தில் நிறுத்தினேன்.

"தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க அண்ணி. அபராதம் போடுங்க, கட்டிப்போடறன்" என்றான்.

கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போவான் என்று எனக்குத் தெரியும்.

"அபராதம் வேண்டாமுங்க. அந்த ஓடையிலிருந்து இவரு ஊட்டுக்கு வர்ற பைப்பை அறுத்துடலாம். ஒரு வருசத்துக்கு அந்தத் தண்ணி இவருக்கு ஆகாது" என்றேன்.

"சொந்தக் கொழுந்தனாச்சேம்மா?" என்றார் ஒருவர்.

"அதனாலதானுங்க கேக்கறன்."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் ஒத்துக்கொண்டது. அரிவாளை எடுத்துப் போய் நானே அறுத்தேன். கறுப்புக் குழாய் துள்ளித் தண்ணீரைப் பீச்சியடித்தது. பொய் சொல்லக் கூடாது, அந்தச் சத்தம் எனக்கு இனித்தது.

இரண்டாம் வாரம் அவன் மனைவி, என் ஓரகத்தி, கீழ்க் கிணற்றிலிருந்து இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்து சரிவில் ஏறி வந்தாள். என் முன்னால் நின்று மூச்சு வாங்கினாள்.

"ஏனுங்கக்கா, உங்களுக்குத் திருப்திதானுங்களே?"

தண்டனை யார் தலையில் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் கண்ணில் பட்டது. அதற்காகப் பைப்பை ஒட்டிக் கொடுக்கவும் மனம் வரவில்லை. கொடுத்தால் அவன் ஜெயித்துவிடுவான்.

மறுநாள் காலையில் அவன் டூட்டிக்குக் கிளம்பும் நேரம் பார்த்துப் போனேன். வாசலில் இருந்த காலிக் குடத்தை எடுத்து அவன் பைக் சீட்டில் வைத்தேன்.

"தண்ணி நீங்கதான் சுமக்கோணும். இவ சுமக்கறதை இன்னொருக்காப் பாத்தேன்னா, கூட்டத்துல இன்னொரு வருசம் கேப்பன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் வெளியே வந்து நின்றார்கள். சிரிப்பு அடங்கியது. குடத்தை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினான். அதற்குப் பிறகு தினமும் காலையில் அந்தச் சரிவை ஒட்டிய காப்பிச் செடிகளில் நான் ஏதாவது வேலை வைத்துக்கொண்டேன். அவன் வியர்த்து ஏறுவதைப் பார்க்கத்தான்.

மழைக்குப் பிறகு மஞ்சக்குட்டைப் பக்கத்து ஓடையில் உயிர்மீன் பிடித்து, குடங்களில் விட்டு, ஜீப்பில் கொண்டுவந்தோம்.

"குழம்புக்குங்களா?" என்றார் டிரைவர்.

"இல்லீங்க, குடி வெக்கறதுக்கு."

ரோட்டிலிருந்து மடு வரைக்கும் குடங்களைக் கொழுந்தனைத்தான் சுமக்க வைத்தேன். கடைசிக் குடத்தைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"போதுங்களா அண்ணி?"

"இன்னும் அஞ்சு மாசம் இருக்குது."

அந்த ஐந்து மாசமும் சுமந்தான். வருஷம் முடிந்த அன்று அவனே பைப்பை ஒட்டிக்கொண்டான். மடுவில் இப்போது மீன்குஞ்சுகள் திரிகின்றன, தவளைச் சத்தமும் திரும்பிவிட்டது. ஓரகத்தி என்னோடு பேசுகிறாள், அவன் பேசுவதில்லை. சேர்வராயன் கோயில் திருவிழாவில் எதிரே வந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். சாமி முன்னால் மனதை ஆற்றிக்கொள்ளச் சொன்னார் என் வீட்டுக்காரர். கும்பிட்டேன். ஆறவில்லை. இப்போதும் அவன் மடுப் பக்கம் நடந்தால், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு அவன் பின்னாலேயே போகிறேன்.